டாங்கி எதிர்ப்பு ஏவுகணை எப்படி வேலை செய்கிறது? இராமநாதபுரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து மாணவர்களும், படையில் சேரத் தயாராகும் இளைஞர்களும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். நம் நாட்டு ‘நாக்’ ஏவுகணை நடுவில் நிற்கிறது. அதை விளங்கிக்கொள்ளத் தேவைப்படும் இடங்களில் மிலான், கொங்குர்ஸ், ஜாவலின் போன்ற வெளிநாட்டு வடிவமைப்பு ஏவுகணைகளும் வந்து போகும்.

டாங்கியை அடிக்க வழிநடத்தப்படும் ஏவுகணை எதற்கு? சாதாரண ராக்கெட் போதாதா?

அருகில் நிற்கும் டாங்கிக்குப் போதும். தூரம் கூடினால் போதாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டாங்கி நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. மிலான் ஏவுகணை தன் முழுத் தூரமான 2 கிலோமீட்டரைக் கடக்க 12 நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் டாங்கி 120 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். விட்ட பிறகு திருப்ப முடியாத ராக்கெட்டால் அந்த 120 மீட்டரை ஈடுகட்ட முடியாது. டாங்கியின் நீளமே பீரங்கிக் குழலைச் சேர்த்து 10 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் கவசம். டி-90 டாங்கி சுமார் 46 டன், அர்ஜுன் மார்க் 1ஏ 68 டன். அந்த எடையில் பெரும்பங்கு கவசத்துக்குப் போகிறது, அதிலும் முன்பக்கத்தில்தான் கனம் அதிகம். அதைத் துளைக்கும் அளவுக்குப் பெரிய வெடிமுனையை, சரியான இடத்தில், சரியான கோணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழிநடத்தல் இல்லாமல் அது நடக்காது.

முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்கிறார்களே, வித்தியாசம் என்ன?

இலக்கைக் கடைசி வரை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

முதல் தலைமுறையில் எல்லாமே வீரரின் கையில். பறக்கும் ஏவுகணையையும் ஓடும் டாங்கியையும் ஒரே நேரத்தில் பார்த்து, சின்ன நெம்புகோலால் ஏவுகணையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சோவியத் நாட்டு மல்யுத்கா இந்த வகை. 1973 அக்டோபர் போரில் எகிப்து வீரர்கள் அதைக்கொண்டு இஸ்ரேலிய டாங்கிகளுக்குப் பெரும் சேதம் விளைவித்தார்கள். ஆனால் நீண்ட பயிற்சி இல்லாதவர் கையில் அது குறி தவறிக்கொண்டே இருக்கும். எதிரி சுடத் தொடங்கிக் கை நடுங்கினால், ஏவுகணையும் அலையும்.

இரண்டாம் தலைமுறையில் வேலை பாதியாகிறது. குறிப்பார்வையின் நடுப்புள்ளியை இலக்கின் மேல் வைத்திருந்தால் போதும். ஏவுகணையின் வால்பக்கத்து ஒளியை ஏவுகருவி தானே கவனித்து, நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, பின்னால் அவிழ்ந்து போகும் மெல்லிய கம்பி வழியாகத் திருத்தம் அனுப்புகிறது. மிலான் (2 கிலோமீட்டர்), கொங்குர்ஸ்-எம் (4 கிலோமீட்டர்), அமெரிக்க டோ (3.75 கிலோமீட்டர்) எல்லாம் இப்படித்தான். மிலானையும் கொங்குர்ஸையும் நம் நாட்டில் பாரத் டைனமிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிக்கிறது. குறை என்னவென்றால், ஏவுகணை போய்ச் சேரும் வரை வீரர் எழுந்து ஓட முடியாது. விட்ட இடத்தில் தெரியும் புகையைப் பார்த்து எதிரி அங்கேயே திருப்பிச் சுடுவான்.

மூன்றாம் தலைமுறையில் ஏவுகணைக்கே கண் இருக்கிறது. ஏவுவதற்கு முன் இலக்கை அதற்குக் காட்டிவிட்டால், பிறகு அதுவே பார்த்துக்கொண்டு போகும். வீரர் உடனே இடம் மாறலாம். நாக், ஜாவலின் இரண்டும் இந்த வகை.

நாக் எப்போது தொடங்கியது? அப்துல் கலாமுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

1982இல் ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநராகக் கலாம் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு, 1983 ஜூலையில், ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என ஐந்தும் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள். இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர் தலைமையில் இது நடந்தது என்பதில் நம் மாவட்டத்துக்கு நியாயமான பெருமை உண்டு.

ஆனால் ஐந்தில் அளவில் சிறியதான நாக்தான் நெடுங்காலம் பிடித்தது. முதல் சோதனை 1990இல், படைக்கான இறுதிப் பயன்பாட்டுச் சோதனை 2020 அக்டோபர் 22இல் பொக்ரானில். இடையில் 30 ஆண்டுகள். அக்னி போக வேண்டிய இடம் வரைபடத்தில் நிலையாக இருக்கும். நாக் அடிக்க வேண்டியதோ ஓடும், ஒளியும், புகை விடும் பொருள். அதைக் கண்டுபிடிக்கும் கண்ணைச் செய்வதில்தான் காலம் போனது.

நாக்கின் அளவுகள் என்ன?

எடை சுமார் 43 கிலோ, நீளம் ஏறக்குறைய 1.85 மீட்டர், விட்டம் 190 மில்லிமீட்டர். நடுவுடலில் நான்கு மடக்குச் சிறகுகள், வாலில் நான்கு திருப்பிகள். புகை குறைவான திட எரிபொருள். வேகம் நொடிக்கு சுமார் 230 மீட்டர். தாக்கும் தூரம் 500 மீட்டரிலிருந்து 4 கிலோமீட்டர் வரை. பாம்பன் இரயில் பாலம் 2 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் என்பதால், நாக்கின் முழுத் தூரம் அந்தப் பாலத்தைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதைக் கடக்க 18 நொடி போதும்.

தோளில் வைத்துச் சுடும் எடை இல்லை இது. பி.எம்.பி-2 சங்கிலிச் சக்கர வண்டியை மாற்றியமைத்த ‘நாமிகா’ இதைச் சுமக்கிறது. 12 ஏவுகணைகள் ஏறும், அவற்றில் 6 உடனே ஏவத் தயாராக இருக்கும். இந்தச் சங்கிலிச் சக்கர நாக் அமைப்புகளுக்கான ஒப்பந்தம் 2025 மார்ச்சில் சுமார் 1,801 கோடி ரூபாய்க்குக் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தைப் பெற்ற அரசு நிறுவனத்தின் தலைமையிடம் நம் ஆவடி.

ஏவும்போது வரிசையாக என்னென்ன நடக்கும்?

நாமிகா மறைவான இடத்தில் நிற்கும். ஏவுபெட்டி மட்டும் மேலே எழும். சுடுநர் வெப்பக் கேமராவில் நிலப்பரப்பைத் தேடி, டாங்கி போலத் தெரிவதைப் பெரிதாக்கிப் பார்த்து, நம்முடையதா எதிரியுடையதா என்று உறுதிசெய்வார். இதுதான் உண்மையில் அதிக நேரம் எடுக்கும் வேலை. அவசரப்பட்டால் சொந்த வண்டியையே அடிக்க நேரிடும். அடுத்து லேசர் கதிரால் தூரம் அளப்பார்.

பிறகு இலக்கின் படம் ஏவுகணையின் மூக்கில் உள்ள தேடுகருவிக்குப் போகும். அது தன் பார்வையில் அதே பொருளைக் கண்டுபிடித்து ‘லாக்’ ஆனதாக, அதாவது இலக்கைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். லாக் ஆகாமல் ஏவினால் ஏவுகணை வீண். லாக் ஆனதும் பொத்தான். உந்தி (ராக்கெட் மோட்டார்) பற்றும், ஏவுகணை வெளியேறும், சிறகுகள் விரியும். பறக்கும்போது தேடுகருவி ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. நெருங்க நெருங்க டாங்கியின் உருவம் பெரிதாகும். 3 கிலோமீட்டரில் சில புள்ளிகளாகத் தெரிந்தது, 300 மீட்டரில் திரையை நிரப்பும். நினைவில் இருக்கும் மாதிரிப் படத்தையும் அதற்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே வராவிட்டால் லாக் விட்டுப்போகும்.

தேடுகருவி பார்ப்பது வெப்பத்தை என்கிறார்கள். டாங்கி எஞ்சின் சூட்டைத்தான் துரத்துகிறதா?

இல்லை. சூடான ஒரே புள்ளியைத் துரத்துவது பழைய வகை விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் வேலை. நாக்கின் தேடுகருவி வெப்பத்தில் ஒரு முழுப் படத்தையே உருவாக்குகிறது. சங்கிலிச் சக்கரம், சுழல்கோபுரம், உடல் எல்லாம் வெவ்வேறு வெப்பநிலையில் இருப்பதால் வெவ்வேறு சாம்பல் நிறமாகத் தெரியும். அந்த வடிவத்தைத்தான் அது பின்தொடர்கிறது. ஆகவே பக்கத்தில் ஒரு நெருப்பை மூட்டி ஏமாற்றுவது எளிதல்ல.

இப்படி நுட்பமாகப் பார்க்க உணரியே குளிர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தன் சொந்தச் சூடே படத்தை மூடிவிடும். குளிரூட்டப்பட்ட உணரிகள் பூஜ்யத்துக்குக் கீழே 190 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரில் வேலை செய்பவை. அழுத்தி அடைத்த வாயுவை நுண்துளை வழியாக விடுவித்து இந்தக் குளிரை நொடிகளில் உண்டாக்கலாம். ஜாவலினில் மின்கலமும் குளிர்வாயுவும் ஒரே சிறு அலகில் வரும். அதை இயக்கிவிட்டால் சுமார் 4 நிமிடம்தான். அதற்குள் சுடாவிட்டால் புது அலகு மாட்ட வேண்டும். எனவே இலக்கை உறுதிசெய்யும் முன்பே தேடுகருவியைக் குளிரவைப்பது பிழை.

நம் கரையோரச் சூடும் ஈரக்காற்றும் இதைப் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வெப்பநிலை ஒன்றிப்போகும் நேரம். காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் ஒரு கட்டத்தில் எஞ்சின் அணைத்து நிற்கும் வண்டியும் அதன் பின்னால் உள்ள மண்ணும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். வெப்பக் கேமராவில் வண்டி மண்ணோடு கரைந்து போகும். தனுஷ்கோடி போன்ற இடத்தில் இது இன்னும் சிக்கல். மணல் வேகமாகச் சூடேறி வேகமாக ஆறும். கடல் நீரோ இரவும் பகலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். மணல்மேட்டைப் பின்னணியாகக் கொண்ட பொருள் மறையும் நேரம் ஒன்று, கடலைப் பின்னணியாகக் கொண்ட பொருள் மறையும் நேரம் வேறு. இடத்தை அறிந்த சுடுநர் இதைக் கணக்கில் வைத்து, பின்னணி மாறும்படி தன் நிலையைத் தேர்ந்தெடுப்பார்.

இரண்டாவது, நடுப்பகல் கொதிப்பு. நாக்கின் தொடக்ககாலத் தேடுகருவிகள் தார் பாலைவனக் கோடையில் திணறியது இதனால்தான். சுற்றிலும் மண்ணும் பாறையும் டாங்கி அளவுக்குச் சூடாகிவிட, தூரத்து இலக்கைப் பிரித்துக் காண முடியவில்லை. நுண்ணிய வெப்ப வேறுபாட்டையும் பிரித்தறியும் உணரி வந்த பிறகுதான் பகல் வெயிலிலும் முழுத் தூரம் கைகூடியது.

மூன்றாவது நீராவி. வெப்பக் கேமரா பார்ப்பது அகச்சிவப்புக் கதிரை. அது காற்றில் நன்றாக ஊடுருவும் அலைநீளப் பட்டைகள் இரண்டு: 3 முதல் 5 மைக்ரோமீட்டர், 8 முதல் 12 மைக்ரோமீட்டர். புகையிலும் தூசியிலும் இரண்டாவது பட்டை நன்றாகப் பார்க்கும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், நீண்ட தூரத்தில் அதற்குத்தான் இழப்பு கூடுதல். முதல் பட்டை அங்கே தாக்குப்பிடிக்கும். ஜாவலினின் தேடுகருவி 8–12 பட்டையைச் சேர்ந்தது. பாலைவனத்துக்குச் சிறந்த கண், ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் தொங்கும் பாக் நீரிணைக் கரைக்கும் அப்படியே சிறந்ததாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. மழை இன்னும் மோசம். எல்லாப் பொருளையும் நனைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

கம்பி வழி ஏவுகணையைக் கடல்மேல் விட்டால் என்ன ஆகும்?

தூரம் குறையும். ஏவுகணை போகப் போகக் கம்பி பின்னால் தொய்ந்து விழுகிறது. நிலத்தில் விழுந்தால் பெரிதாகப் பாதகமில்லை. ஆனால் உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பியின் மேல்பூச்சு மிக மெல்லியது, எங்கேனும் உரிந்திருந்தால் அங்கே மின்கசிவு ஏற்பட்டுத் திருத்தச் சைகை போய்ச் சேராது. பிறகு ஏவுகணை தன்போக்கில் போய் விழும். நீர்ப்பரப்பின் மேல் சுடும்போது உயரமான இடத்திலிருந்து சுட வேண்டும், முழுத் தூரத்தை நம்பக்கூடாது என்று டோ வகைப் பயிற்சிகளில் சொல்லித் தருவது இதற்காகத்தான். கண்ணாடி இழையில் சைகை அனுப்பும் இஸ்ரேலிய ஸ்பைக் போன்ற ஏவுகணைகளுக்கு மின்கசிவுத் தொல்லை கிடையாது. இழை எதிலாவது சிக்கி அறுவது மட்டும் அவற்றுக்கும் உண்டு.

சீமைக்கருவேலங்காடும் பனங்கூட்டமும் தடையா?

தடைதான். கம்பி முள்ளில் மாட்டி அறும். ஏவுகணையின் சிறகு சிறு கிளையில் பட்டாலும் பாதை கெடும். மூன்றாம் தலைமுறைக்குக் கம்பி இல்லை, ஆனால் அதற்குப் பார்வை வேண்டும். கருவேல மறைப்பில் பாதி தெரியும் டாங்கியை லாக் செய்தால், தேடுகருவி சூடான மரத்தையும் சேர்த்து மாதிரிப் படமாக எடுத்துக்கொள்ளக்கூடும். டாங்கி நகர்ந்ததும் அது மரத்திலேயே நின்றுவிடும். வெட்டவெளிக்கு இலக்கு வரும் வரை பொறுப்பதே சரி. உப்பளமும் வறண்ட கண்மாயும் இந்த ஏவுகணைக்கு ஏற்ற வெளி, அதனாலேயே எந்த டாங்கிப் படையும் பகலில் அப்படிப்பட்ட வெளியைக் கடக்கத் தயங்கும்.

மேலிருந்து தாக்குவது என்றால்?

டாங்கியின் கனமான கவசம் முகத்தில் இருக்கிறது. கூரைக்கும் அதே கனம் கொடுத்தால் வண்டி நகராது. ஆகவே ஏவுகணை முதலில் மேலேறி, இலக்கை நெருங்கியதும் சரிந்து கூரையில் இறங்குகிறது. ஜாவலின் இந்த முறையில் சுமார் 150 மீட்டர் உயரம் வரை ஏறும். நேராகத் தாக்கும் முறையும் உண்டு. பாலத்தடியிலோ, கட்டடத்துக்குள்ளோ, அடர்ந்த மரத்தடியிலோ உள்ள இலக்குக்கு அதுதான். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் மேலேறும் முறையைத் தேர்ந்தால் ஏவுகணை கம்பியில் மோதும்.

வெடிமுனை எப்படிக் கவசத்தைத் துளைக்கிறது? செம்பு உருகிப் போய்த் துளைக்கிறது என்பது சரியா?

சரியல்ல, பலரும் சொல்லும் தவறு இது. கூம்பு வடிவச் செம்புத் தகட்டுக்குப் பின்னால் உள்ள வெடிமருந்து வெடிக்கும்போது, கூம்பு உள்நோக்கி நொறுங்கி மெல்லிய தாரையாக முன்னே பாய்கிறது. தாரையின் நுனி நொடிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகம் போகும். அந்த வேகத்தில் உண்டாகும் அழுத்தத்துக்கு முன் எஃகின் வலிமை ஒரு பொருட்டே இல்லை. செம்பும் எஃகும் திடப்பொருளாக இருந்தபடியே திரவம் போல வழிந்து விலகுகின்றன. துளைப்பது அழுத்தம், சூடு அல்ல. தாரை நீண்டு உருவாகக் கவசத்துக்கும் கூம்புக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி தேவை. மூக்குப் பகுதி அந்த இடைவெளியையும் காக்கிறது.

இதைத் தடுக்க, டாங்கிகளின் மேல் வெடிமருந்து அடைத்த கவசப் பெட்டிகளை மாட்டுகிறார்கள். தாரை பட்டதும் பெட்டி வெடித்துத் தகட்டை எறிந்து தாரையைச் சிதைக்கும். அதற்குப் பதில்தான் நாக்கில் உள்ள இரட்டை வெடிமுனை. முன்னால் உள்ள சிறியது பெட்டியை வெடிக்கவைக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய இடைவெளி விட்டுப் பின்னால் உள்ள பெரியது கவசத்தைத் துளைக்கும்.

மிக அருகில் ஏன் சுட முடியாது?

ஏவியவரைக் காக்க, குறிப்பிட்ட தூரம் பறந்த பிறகே வெடிமுனை உயிர்பெறும். ஏவுகணை நேர்ப்பாதைக்கு வரவும் சற்று இடம் வேண்டும். நாக்குக்கு 500 மீட்டர், கொங்குர்ஸுக்கு 75 மீட்டர்.

ஏவும்போது பின்னால் நிற்பவருக்கு என்ன ஆபத்து?

குழாயின் பின்பக்கம் பாயும் சூட்டு வாயு. பின்னால் சுவரோ மணல்மேடோ இருந்தால் அந்த வாயு சுட்டவர் மேலேயே திரும்பும். தளர்ந்த மணலில் புழுதி எழும்பி இடத்தைக் காட்டிக்கொடுக்கும், கச்சான் காற்றில் அது நெடுநேரம் கண்ணை மறைக்கும். தரையை நனைத்துவைப்பது பழைய, நல்ல வழக்கம். தோளிலிருந்து ஏவும் ஜாவலினில் சிறு உந்தி முதலில் வெளியே தள்ளும், சில மீட்டர் போனபின் பெரிய உந்தி பற்றும். பொத்தானை அழுத்தியும் கிளம்பாவிட்டால் குழாயைத் தூக்கவோ திருப்பவோ கூடாது. இலக்குத் திசையிலேயே வைத்து, கையேடு சொல்லும் நேரம் முழுதும் காத்திருக்க வேண்டும். தாமதித்துப் பற்றும் உந்திகள் உண்டு.

கடற்கரையில் இவற்றைச் சேமிப்பது கடினமா?

உப்புக்காற்றுதான் எதிரி. ஏவுகணை தொழிற்சாலையிலேயே குழாயில் அடைத்து மூடி முத்திரையிட்டு வரும், உள்ளே ஈரம் புகாது. பழுதாவது பெரும்பாலும் வெளியே உள்ளவை: மின் இணைப்பு முனைகளில் பச்சைப் பூப்பது, ரப்பர் மூடிகள் வெடிப்பது, குறிப்பார்வைக் கண்ணாடியில் உப்புப் படிவது. உப்புப் படிந்த கண்ணாடியை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல நீரால் முதலில் கரைத்து எடுக்க வேண்டும். திட எரிபொருளும் சூட்டில் மூப்படையும் என்பதால் கிடங்கின் வெப்பநிலையைப் பதிவு செய்வது வழக்கம்.

டாங்கி எப்படித் தப்பிக்கும்?

ஓடி மறைவது முதல் வழி. அகச்சிவப்பையும் மறைக்கும் புகைக்குண்டுகள் அடுத்தது. ரஷ்யாவின் ஷ்டோரா அமைப்பு பலத்த அகச்சிவப்பு விளக்கால் இரண்டாம் தலைமுறை ஏவுகருவியைக் குழப்பும், ஆனால் படம் பார்க்கும் தேடுகருவியிடம் அந்த விளக்கு பலிக்காது. இஸ்ரேலின் டிராஃபி அமைப்பு ரேடாரில் ஏவுகணையைக் கண்டு வழியிலேயே அடிக்கிறது. இன்று மிகக் கடுமையான தடை அதுதான்.

உச்சிப்புளி கடற்படைத் தளத்தில் இவை சோதிக்கப்படுகின்றனவா?

இல்லை. அங்குள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் விமானத் தளம், அதன் வேலை கடலைக் கண்காணிப்பது. நாக் சோதனைகள் ராஜஸ்தானின் பொக்ரானில் நடக்கின்றன. ஹெலிகாப்டரிலிருந்து 7 கிலோமீட்டர் வரை தாக்கும், நாக்கின் இன்னொரு வடிவமான ஹெலினா 2022 ஏப்ரலில் பொக்ரானிலும் லடாக் உயரத்திலும் சோதிக்கப்பட்டது. வீரர் தூக்கிச் செல்லும், 15 கிலோவை ஒட்டிய சிறு ஏவுகணையின் சோதனை 2024 ஆகஸ்டில் பொக்ரானில் நடந்தது.

இந்தத் துறைக்குப் போக என்ன படிக்கலாம்?

தேடுகருவிக்கு இயற்பியல், மின்னணுவியல், படச் செயலாக்கம். உந்திக்கும் வெடிமுனைக்கும் வேதியியல், இயந்திரவியல். பொறியியல் முடித்தவர்கள் கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் வழியே பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி ‘பி’ பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அதே நிறுவனத்தின் செப்டாம் ஆட்சேர்ப்புத் தேர்வு. இயக்குபவராக வேண்டுமானால் இயந்திரக் காலாட்படை. ஓர் அறிவுரை மட்டும் சொல்கிறோம்: மேல்நிலை வகுப்பில் ஒளியியலையும் வெப்பவியலையும் மனப்பாடம் செய்து தாண்டிவிடாதீர்கள். மேலே எழுதியதில் பாதி அந்த இரண்டு பாடங்கள்தான்.

வலையில் குழாய் போன்ற உலோகப் பொருள் சிக்கினாலோ கரை ஒதுங்கினாலோ?

பெரும்பாலும் அது சமிக்ஞை விளக்கு, மிதவை, ராக்கெட் உறை போன்றதாக இருக்கும். பார்த்து முடிவு செய்ய முடியாது, துருப்பிடித்த வெடிபொருள் புதியதைவிட நம்பத்தகாதது. திருகாதீர்கள், தட்டாதீர்கள், இரும்புக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். கரையில் என்றால் ஆட்களையும் பிள்ளைகளையும் தூர விலக்கி, இடத்துக்கு அடையாளம் வைத்து, 112க்கோ கடலோரக் காவல் எண் 1093க்கோ சொல்லுங்கள். கடலில் வலையோடு ஏறிவிட்டால் படகில் உருட்ட வேண்டாம், அசையாதபடி விட்டுவிட்டு, எஞ்சினுக்கும் அடுப்புக்கும் எட்டி நின்று, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் சேனலிலோ கேட்டு, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.